தாத்தாவின் நோட்டுப் புத்தகமும் பேத்தியின் பேச்சும்

எங்கள் தொம்மலூர் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. உறவினர்கள் வந்திருந்தார்கள். காப்பி, பஜ்ஜி எல்லாம் முடிந்து, பேச்சு என் பேத்தியின் பக்கம் திரும்பியது. அவளுக்கு அப்போது பதினெட்டு மாதம். "இன்னும் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசவில்லையே!" என்றார் ஒருவர். "எப்படிப் பேசும்? தாத்தா பாட்டி தமிழ், பார்த்துக்கொள்ள வருகிற அம்மா கன்னடம், அப்பா அம்மா இங்கிலீஷ். மூன்று பாஷையில் குழந்தை குழம்பிப் போய்விட்டது" என்றார் இன்னொருவர். தீர்ப்பும் அங்கேயே சொல்லப்பட்டது. நாளை ஸ்கூலுக்கு உதவுவது இங்கிலீஷ்தான். ஆகவே வீட்டில் தமிழை நிறுத்திவிட வேண்டும்.

என் மகன் மறுக்கவில்லை. "கொஞ்ச நாளைக்கு நிறுத்திப் பார்க்கலாமே அப்பா" என்றான். மருமகள் ஒன்றும் சொல்லாமல் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் வேலைக்குப் போவதுதான் காரணம் என்று இன்னொரு உறவுக்காரம்மாள் சமையலறையில் ஏற்கெனவே சொல்லி முடித்திருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

எங்கள் ஊர் சொக்கப்பெருமாள் கோயிலில் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்த மண்ணில் கல்லில் நிற்கும் மொழியை என் வீட்டுக் கூடத்திலிருந்து நான் வெளியேற்ற வேண்டுமா? மனம் ஒப்பவில்லை. ஆனால் மனம் ஒப்பாதது ஒரு வாதமாகாது. மூன்று மொழி கேட்டதால்தான் பேச்சு வரவில்லை என்பது உண்மையானால், குழந்தையின் நன்மைக்காக நான் என் வாயைக் கட்டிக்கொள்ளத்தான் வேண்டும். உண்மைதானா என்பதே கேள்வி.

தேநீரும் தண்டவாளமும்

நான் மருத்துவன் அல்லன். பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ படித்துவிட்டு, ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஜோலார்பேட்டை, பங்காருப்பேட்டை, பெங்களூர் என்று பாதையோடு பாதையாக என் காலம் கழிந்தது. ஆனால் அந்த வேலை எனக்கு ஒரு பாடத்தைக் கற்றுத் தந்தது. அதைத்தான் புள்ளியியல் பாடப் புத்தகத்தில் ஒட்டுறவு என்றும் தொடர்புப் போக்கு என்றும் எழுதுகிறார்கள். கல்லூரிப் பிள்ளைகள் கோரிலேஷன், ரிக்ரெஷன் என்பார்கள்.

மார்கழி விடியற்காலையில் தண்டவாளம் விரிசல் விடுவது அதிகம். அதனால்தான் குளிர்காலத்தில் இரவு ரோந்து போடுகிறோம். அதே மார்கழியில் ஸ்டேஷன் கடையில் தேநீர் விற்பனையும் அதிகம். மாதவாரியாக இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால், இரண்டும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். இதுதான் ஒட்டுறவு. இரண்டும் முற்றிலும் ஒன்றாக ஏறினால் அதன் அளவு 1. ஒன்று ஏற மற்றது அதே ஒழுங்கோடு இறங்கினால் -1. நேர்கோட்டு உறவே இல்லையென்றால் 0. இந்த அளவைக் கணக்கிடும் வாய்ப்பாட்டை 1896இல் வகுத்துத் தந்தவர் கார்ல் பியர்சன் என்ற ஆங்கிலேயர்.

சரி, தேநீர்க் கடையை மூடிவிட்டால் தண்டவாளம் உடையாமல் இருக்குமா? சிரிப்பீர்கள். இரண்டுக்கும் பின்னால் நிற்பது குளிர். குளிரில் இரும்பு சுருங்கப் பார்க்கிறது, நீளமாகப் பற்றவைத்துக் கட்டிப்போட்ட தண்டவாளத்தால் சுருங்க முடியவில்லை, இழுவிசை ஏறுகிறது, பலவீனமான இடத்தில் விடுகிறது. தேநீர் பாவம், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

தண்டவாளத்தில் இதைக் கேட்டுச் சிரிக்கிற நாம், குழந்தை விஷயத்தில் மட்டும் தேநீர்க் கடையை மூடச் சொல்கிறோம்.

கோடு போடும் வித்தை

ஒட்டுறவு "சேர்ந்து போகிறதா" என்று சொல்லும். தொடர்புப் போக்கு "இது ஒரு பங்கு ஏறினால் அது எத்தனை பங்கு ஏறும்" என்று சொல்லும். 13 மீட்டர் நீளமுள்ள ஒரு தண்டவாளம், கட்டிப்போடாமல் விட்டால், ஒரு டிகிரி வெப்பம் ஏறும்போது சுமார் 0.15 மில்லிமீட்டர் நீளும். நாற்பது டிகிரிக்கு ஏறத்தாழ 6 மில்லிமீட்டர். வரைபடத் தாளில் புள்ளி வைத்தால் எல்லாம் ஒரே கோட்டில் உட்காரும். எங்கள் ஆட்கள் இணைப்பில் விடும் இடைவெளி இந்தக் கணக்கை நம்பித்தான்.

குழந்தை இரும்பு அல்ல. ஒரே வீட்டில், ஒரே தாயின் பாலைக் குடித்து வளரும் இரட்டைப் பிள்ளைகளே வெவ்வேறு நாளில் நடக்கிறார்கள். குழந்தைகளைப் பற்றிப் புள்ளி வைத்தால் கோடு தெரியாது, மேகம்தான் தெரியும். அந்த மேகம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று ஒரு கோட்டை வரைந்து பார்க்கலாம், அவ்வளவே. ஒட்டுறவு 0.3 என்று ஓர் ஆராய்ச்சியில் வந்தால் அதைப் பெருக்கிப் பாருங்கள்: 0.09. அதாவது குழந்தைக்குக் குழந்தை காணும் வேறுபாட்டில் நூற்றுக்கு ஒன்பது பங்கை மட்டுமே அந்தக் கோடு கணக்கில் கொண்டுவருகிறது. மீதி தொண்ணூற்றொன்று வேறு காரணங்கள், அளவெடுப்பதில் வரும் பிழை, தற்செயல். நூறு குழந்தைகளின் சராசரியைப் பற்றி அந்தக் கோடு ஏதோ சொல்லும். உங்கள் மடியில் உட்கார்ந்திருக்கும் ஒரு குழந்தையைப் பற்றி மிகக் கொஞ்சமே சொல்லும்.

நம் ஊரிலேயே நடந்தது

இது ஏதோ வெளிநாட்டுக்காரர்கள் செய்யும் வேலை என்று எண்ண வேண்டாம். தொம்மலூரிலிருந்து சற்றுத் தூரத்தில், கோரமங்கலாவில் இருக்கும் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் செய்த ஒரு வேலையை நான் படித்துப் பார்த்தேன். நம் குடும்பங்களுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது.

வைட்டமின் பி12 என்பது பால், தயிர், முட்டை, மீன், இறைச்சியில் உண்டு. தாவர உணவில் கிடையாது. தென்னிந்தியக் கர்ப்பிணிகளில் பலருக்கு இது குறைவு. இதனால் குழந்தையின் அறிவு வளர்ச்சி பாதிக்கப்படுகிறதா என்று அவர்கள் கேட்டார்கள். குறைவாக இருக்கும் தாய்மாரையும் போதுமான அளவு இருக்கும் தாய்மாரையும் சும்மா ஒப்பிட்டால், உடனே தேநீர்க் கடை வந்துவிடும். பாலும் முட்டையும் வாங்க முடிந்த வீட்டில் வருமானமும் படிப்பும்கூட அதிகமாக இருக்கலாம் அல்லவா? ஆகவே அவர்கள் 366 கர்ப்பிணிகளைக் குலுக்கல் முறையில் இரு சமபங்காகப் பிரித்தார்கள். 183 பேருக்கு நாள்தோறும் 50 மைக்ரோகிராம் பி12. மற்ற 183 பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. இரு சாராருக்கும் வழக்கமான இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் உண்டு. கர்ப்பத்தின் தொடக்க மாதங்களிலிருந்து பிரசவமாகி ஆறு வாரம் வரை இது தொடர்ந்தது. குலுக்கிப் பிரித்துவிட்டால், பணக்காரர், ஏழை, படித்தவர், படிக்காதவர் எல்லோரும் இரு பக்கமும் ஏறக்குறையச் சமமாக விழுவார்கள். அதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

குழந்தைகளுக்கு ஒன்பது மாதம் ஆனபோது, பெய்லி அளவுகோல் என்ற உலகமெங்கும் பயன்படும் முறையில் சோதித்தார்கள். கட்டையை எடுக்கிறதா, ஒலி வந்த பக்கம் திரும்புகிறதா, எத்தனை விதமான சத்தம் எழுப்புகிறது என்றெல்லாம் பார்த்து மதிப்பெண் போடும் முறை அது. முடிவு என்ன? மாத்திரை பெற்றவர் பிள்ளைகளுக்கும் பெறாதவர் பிள்ளைகளுக்கும் வித்தியாசம் இல்லை! ஆனால் தொடர்புப் போக்குக் கணக்கில் வேறொன்று தெரிந்தது. பி12 அல்லது ஃபோலேட் குறைந்தால் இரத்தத்தில் ஹோமோசிஸ்டீன் என்ற பொருள் சேரும். அது கர்ப்ப காலத்தில் அதிகமாக இருந்த தாய்மாரின் குழந்தைகள், பேச்சை வெளிப்படுத்தும் பகுதியில் சற்றுக் குறைவாக மதிப்பெண் பெற்றிருந்தார்கள். இது 2017இல் வெளிவந்தது. பிறகு குழந்தைகளுக்கு முப்பது மாதம் ஆனபோது மறுபடி சோதித்தார்கள். இம்முறை மாத்திரை பெற்ற தாய்மாரின் பிள்ளைகள் பேச்சை வெளிப்படுத்துவதில் சராசரியாகச் சற்று முன்னே இருந்தார்கள். இது 2019இல் வந்தது.

ஒன்பது மாதத்தில் "பயன் இல்லை" என்று கடையைக் கட்டியிருந்தால் முப்பதாவது மாதத்துச் செய்தி கிடைத்திருக்காது. அதற்காக, எல்லாக் கர்ப்பிணிகளும் தாமாகவே மாத்திரை வாங்கி விழுங்க வேண்டும் என்றும் பொருளல்ல. நல்ல ஆராய்ச்சி எவ்வளவு நிதானமாகப் பேசுகிறது என்பதைக் கவனியுங்கள்.

மைசூரில் 1997-98இல் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் தொடங்கிய ஆராய்ச்சியும் உண்டு. அங்கே கர்ப்பிணிகளின் இரத்தத்தைச் சோதித்து வைத்துக்கொண்டு, பிள்ளைகள் ஒன்பது பத்து வயதான பிறகு 536 பேரின் அறிவுத்திறனைப் பார்த்தார்கள். தாயின் ஃபோலேட் அளவு அதிகமாக இருந்தால் பிள்ளையின் மதிப்பெண்ணும் சற்று அதிகம்; பி12க்கு அப்படிப்பட்ட தொடர்பு தெரியவில்லை. இதில் குலுக்கல் இல்லை. ஆகவே வருமானம், பெற்றோர் படிப்பு, கிராமமா நகரமா என்பவற்றையெல்லாம் ஒரே சமன்பாட்டில் சேர்த்து, "இவை சமமாக இருக்கும் இரு வீடுகளை ஒப்பிட்டால் என்ன மிஞ்சுகிறது?" என்று கேட்டார்கள். பல காரணித் தொடர்புப் போக்கு என்பது இதுதான். வேலூர் சி.எம்.சி.யும் 2009 முதல் எட்டு நாடுகளில் நடந்த ஒரு பெரிய ஆராய்ச்சியில் பங்குகொண்டு, பிறந்தது முதல் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தது. வயிற்றுப்போக்குக் கிருமிகள், இரத்தச்சோகை, ஈயம், வீட்டுச் சூழல் என்று பலவற்றை அளந்தார்கள்.

இத்தனை அளந்த பிறகும் அவர்கள் "இதுதான் காரணம்" என்று சொல்லத் தயங்குகிறார்கள். நாமோ ஒரு தட்டு பஜ்ஜி முடிவதற்குள் சொல்லிவிடுகிறோம்.

என் ஆராய்ச்சியும் அதன் கதியும்

படித்ததோடு நிற்காமல் நானும் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். காலை நடைக்குப் பூங்காவுக்கு வரும் என் வயதுக்காரர்கள் பெரும்பாலும் பேரன் பேத்திக்காகவே பெங்களூருக்கு வந்து சேர்ந்தவர்கள். தமிழர், தெலுங்கர், மலையாளி, கன்னடியர் என்று எல்லோரும் உண்டு. பதினான்கு குழந்தைகளைப் பற்றிக் கேட்டு எழுதினேன். வீட்டில் எத்தனை மொழி? இரண்டு சொல்லைச் சேர்த்து எந்த மாதத்தில் பேசியது? வரைபடத் தாளில் புள்ளி வைத்துக் கோடு போட்டேன்.

கோடு மேல்நோக்கி ஏறியது. மொழி கூடக் கூடப் பேச்சு தாமதம்! என் மகன் எட்டிப் பார்த்தான். "பார்த்தீங்களா அப்பா, உங்க கணக்கே சொல்லுதே" என்றான். அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஒரே ஒரு புள்ளி வலது மூலையில் தனியாக உயரத்தில் நின்றது. நான்கு மொழி பேசும் வீடு. மூன்று வயதாகியும் பேச்சு இல்லை. அந்தப் புள்ளியை விரலால் மறைத்தேன். கோடு படுத்துவிட்டது. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

எனக்கு வேண்டாத புள்ளி என்று அதை அழித்துவிட்டு மகனிடம் காட்டியிருக்கலாம். ஆனால் ரயில்வேயில் ஓர் இடத்து அளவு மட்டும் மற்றவற்றோடு சேராமல் நின்றால், அதை அழிக்கமாட்டோம். ட்ராலியை எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்குப் போய்ப் பார்ப்போம். நானும் அந்தக் குழந்தையின் தாத்தாவிடம் போய் உட்கார்ந்தேன். "கூப்பிட்டால் திரும்புவானா சார்?" என்று கேட்டேன். அவர் யோசித்தார். "முகத்துக்கு நேரே வந்தால்தான் பார்ப்பான். டிவியைச் சத்தமாக வைக்கச் சொல்லி அடம் பிடிப்பான்" என்றார். காதைச் சோதித்தீர்களா என்று கேட்டேன். இல்லை. எல்லோரும் நான்கு பாஷைதான் காரணம் என்று சொல்லிவிட்டதால் காதைப் பற்றி யாரும் நினைக்கவில்லை.

சோதித்தார்கள். கேட்கும் திறன் குறைவு என்று தெரிந்தது. இப்போது கேட்கும் கருவி போட்டுக்கொண்டு, பேச்சுப் பயிற்சிக்குப் போய் வருகிறான். தவறான காரணம் ஒரு குழந்தையின் ஒரு வருடத்தைத் தின்றுவிட்டது.

எண்ணத் தெரியாத நாங்கள்

அதைக் கேட்ட பிறகு நாங்களும் சும்மா இருக்கவில்லை. பேத்தியைக் குழந்தை மருத்துவரிடம் கூட்டிப்போனோம். காது நன்றாகக் கேட்கிறது என்று தெரிந்தது. பிறகு அந்த மருத்துவர் ஒரு கேள்வி கேட்டார். "எத்தனை சொல் சொல்கிறாள்?" ஐந்து என்றான் மகன். ஏழு என்றாள் என் மனைவி. "எந்த மொழியில் எண்ணினீர்கள்?" என்றார் அவர். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பல மொழி கேட்கும் குழந்தையின் சொற்களை எல்லா மொழியிலும் சேர்த்து எண்ண வேண்டுமாம்.

வீட்டுக்கு வந்து, குழந்தையைப் பார்த்துக்கொள்ள வரும் அம்மாவைக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே கன்னடத்தில் விரல் விட்டு எண்ணினார். வேண்டாம் என்பதற்கு 'பேடா', சாப்பாட்டுக்கு 'ஊட்டா', பாலுக்கு 'ஹாலு', தண்ணீருக்கு 'நீரு', வா என்பதற்கு 'பா'. பகல் முழுவதும் அவரோடு இருக்கும் குழந்தை பகல் வேலைக்கான சொற்களையெல்லாம் கன்னடத்தில் வைத்திருந்தது! அவள் 'பேடா' என்று தட்டைத் தள்ளியபோதெல்லாம் பேடா கேட்கிறாள் என்று நினைத்து இனிப்பு வாங்கி வந்த அறிவாளி நான்தான். எல்லாவற்றையும் சேர்த்தால் இருபத்து மூன்று சொல். தவறு குழந்தையிடம் இல்லை, எங்கள் அளவுகோலில் இருந்தது.

பல மொழி கேட்பதால் மட்டும் பேச்சு தாமதமாவதில்லை என்பதே குழந்தை மொழியை ஆராய்ந்தவர்களின் பொதுவான முடிவு. ஒவ்வொரு மொழியிலும் சொல் சற்றுக் குறைவாகத் தோன்றலாம், மொத்தம் குறையாது.

வசம்புக்குக் கிடைத்த பெயர்

இதற்கிடையில் என் மனைவி வேறொரு வைத்தியம் வைத்திருந்தாள். வசம்பைச் சுட்டுக் குழந்தையின் நாக்கில் தடவுவது. இரண்டு மாதத்தில் பேத்தி மளமளவென்று பேச ஆரம்பித்தாள். "பார்த்தீங்களா, என் வசம்பு!" என்றாள் அவள்.

இதற்கும் நம் பாடத்தில் விடை உண்டு. 1886இல் பிரான்சிஸ் கால்ட்டன் என்பவர் 205 பெற்றோர் ஜோடிகளின் உயரத்தையும் அவர்களுடைய வளர்ந்த பிள்ளைகள் 928 பேரின் உயரத்தையும் ஒப்பிட்டார். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாக அவர்கள் அளவு உயரமில்லை. மிகக் குள்ளமானவர்களின் பிள்ளைகள் அவர்கள் அளவு குள்ளமும் இல்லை. இரு பக்கமும் நடுவை நோக்கித் திரும்பியிருந்தது. 'ரிக்ரெஷன்' என்ற சொல்லே இந்தத் திரும்புதலிலிருந்து வந்ததுதான். அளவுகளின் பொதுக் குணம் இது. இன்று மிகக் குறைவாக மதிப்பெண் வாங்கிய குழந்தைகளை அடுத்த முறை சோதித்தால், ஒன்றும் செய்யாவிட்டாலும் சராசரியாகச் சற்று மேலே வந்திருப்பார்கள். நாமோ குழந்தை மிகவும் பின்தங்கியதாகத் தோன்றும் நாளில்தான் டானிக் வாங்குகிறோம், வசம்பு தடவுகிறோம். பிறகு வரும் ஏற்றமெல்லாம் டானிக்கின் கணக்கில் போய்விடுகிறது. வசம்பை உள்ளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று மருத்துவர் சொன்னதால் அது இப்போது மனைவியின் அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கிறது. பேத்தியின் பேச்சு நின்றுவிடவில்லை.

வாசக அன்பர்களுக்கு

உங்கள் வீட்டில் இப்படியொரு கவலை இருந்தால் நான் சொல்லக்கூடியவை சிலவே. குழந்தை எந்த மாதம் என்ன செய்தது என்பதைத் தேதி போட்டு எழுதி வையுங்கள்; நினைவை நம்பாதீர்கள். சொற்களை எல்லா மொழியிலும் சேர்த்து எண்ணுங்கள், ஆயாவையும் கேளுங்கள். இரண்டு வயது முடிந்தும் ஐம்பது சொல் வராமல், இரண்டு சொல்லைச் சேர்க்காமல் இருந்தாலோ, எந்த வயதிலும் கூப்பிட்டால் திரும்பாவிட்டாலோ காத்திருக்க வேண்டாம். முதலில் காதைச் சோதியுங்கள். மைசூரில் 1965 முதல் இயங்கும் அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் நம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. 'இதனால்தான்' என்று யாராவது சொன்னால், இரண்டுக்கும் பின்னால் குளிர் போல ஏதாவது நிற்கிறதா என்று கேளுங்கள். முக்கியமாக, அந்த 'இதனால்தான்' என்ற சொல்லை வேலைக்குப் போகும் மருமகளின் தலையில் இறக்காதீர்கள்.

சில வாரங்கள் கழித்து, நான் அந்த வரைபடத் தாளை மருமகளிடம் காட்டி எல்லாவற்றையும் விளக்கினேன். கேட்டு முடித்துவிட்டு, "அன்னைக்கே இதைச் சொல்லியிருக்கலாமே மாமா" என்றாள். அவள் சொன்னது நியாயம்தான். அன்று எனக்குக் கணக்கு தெரியவில்லை என்பது உண்மை. ஆனால் கணக்கு தெரியாதபோது வாயை மூடச் சொல்லியிருக்கலாம். அதற்கு ஒட்டுறவும் தேவையில்லை, தொடர்புப் போக்கும் தேவையில்லை.

வீட்டில் தமிழ் நிற்கவில்லை. நேற்று மாலை பேத்தி என் நோட்டுப் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு, "தாத்தா, இது பேடா!" என்றாள். தமிழ் இரண்டு, கன்னடம் ஒன்று. எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியாமல் மூன்று சொல் என்று எழுதிக்கொண்டேன்.